பட்டியலில் இல்லாத அறை

கும்மிடிப்பூண்டி போகும் காலை ரயிலில், பெண்கள் பெட்டியில், எனக்கு எதிரே இரண்டு பேர். ஒருவர் கட்டட வேலைக்குப் போகும் அம்மா. மற்றவள் அதே சைட்டில், ஸ்டோரில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்.

“எங்க கக்கூசு கதவுல எதுக்கும்மா மண்டை ஓடு படம் மாட்டி வச்சிக்கீறாங்க?” என்று அந்த அம்மா கேட்டார்.

“புது சிஸ்டம்க்கா. கதவு கேட்டா எந்த ரூமுக்குன்னு சொல்லணும். டிராயிங் போடுறவங்க, கான்ட்ராக்டரு, கதவு அனுப்புறவங்க, எல்லாருக்கும் ஒரே லிஸ்ட்டு. அதுல இல்லாத ரூமுக்கு கதவு வராது.”

“கக்கூசு இல்லாத லிஸ்ட்டா?”

“இன்ஜினியருங்களுது கீது. உங்களுத, கட்டடம் முடிஞ்சதும் இடிச்சிடுவாங்களே, அதனால சேக்கல. நான்தான் பாவம்னு கரண்டு ரூமுன்னு போட்டேன். மறுநாளே கதவு வந்துச்சு.”

“பூட்டும் வந்துச்சே.”

“கரண்டு ரூமுன்னா பூட்டு, படம், எல்லாம் தானா வரும். சாவி எலக்ட்ரீஷியனாண்ட இருக்கும்.”

“தெனம் அந்த ஆளாண்ட போயி கேக்கணுமா?”

“கேட்டாலும் தரமாட்டாருக்கா. உள்ள போறவங்க கரண்டு டிரெய்னிங் முடிச்சிருக்கணும்.”

“அப்ப மாத்திடேன்.”

“மாத்துனா கதவைக் கழட்டிக்கினு போயிடுவாங்க.”

மீஞ்சூர் வந்து போனது. அந்த அம்மா சாப்பாட்டுப் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

“நாங்க பழையபடி முள்ளு மரத்தாண்டயே போய்க்கிறோம். நீ அத்த மட்டும் லிஸ்ட்ல ஏத்திடாத, கண்ணு.”