பூசணிக்காயில் போட்ட குழி

"உங்க பந்துனால எங்க ஊட்ல மூணு நாள் பூசணிக்காய்க் குழம்புங்க."

செவ்வாய்ப்பேட்டை போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த லேத்துப் பட்டறை பாய்தான் இப்படிச் சொன்னார். பக்கத்தில் ஆரோக்கியம், மலை மேல் துரைமார் கிளப்பில் வேலை செய்பவர். கப்பலேறிப் போன ஒரு துரை கொடுத்த பழைய பௌலிங் பந்து, கட்டைகளை நிறுத்தி வைத்து உருட்டிச் சாய்க்கும் கனமான பந்து, அவர் மடியில் இருந்தது.

"ஏனுங்க பாய்?"

"விரல் விடுற மூணு குழியும் துரையோட பெரிய கைக்குப் போட்டதுங்க. அதையெல்லாம் அடைச்சுட்டு, உங்க விரலுக்கு வேற இடத்துல போடணும். இடம் தப்புனா பந்தே போச்சு. அதான் முதல்ல பூசணிக்காய்ல போட்டுப் பார்த்தேன். கட்டைவிரல் குழி ரெண்டு தடவை தள்ளிப் போச்சு."

"ஊட்ல திட்டலீங்களா?"

"அடுத்த தடவை சுரைக்காய்ல போடச் சொன்னாங்க."

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரும் சிரித்துவிட்டார்.

"அது கிடக்கட்டும். நேத்து கிளப்புல வேலை செய்யறவங்களுக்குன்னு வச்ச போட்டி என்னாச்சு? விரல் மாட்டிக்கிச்சா?"

"இல்லீங்க, அழகாக் கழண்டு வந்துச்சு. முதல் உருட்டுலயே பத்துக் கட்டையில ஒம்பது சாஞ்சிருச்சு."

ஆரோக்கியம் பந்தின் குழிகளை விரலால் தடவினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இருபது வருசமா மத்தவங்க உருட்டுவாங்க, நான் உழுந்த கட்டையை நிமித்தி வைப்பேன். நேத்து நான் உருட்டுனேன் பாய். கிளப்பு செக்ரட்டரி கோட்டைக் கழட்டிப் போட்டுட்டு, ஒவ்வொரு கட்டையாக் குனிஞ்சு நிமித்தி வச்சாருங்க."