தங்கையின் சீரம்

ஆய்வகத்தில் என் மேசைதான் எப்போதும் சுத்தமாக இருக்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

விசாரணையில் முதலில் என் தங்கையைப் பற்றிக் கேட்கிறீர்கள். பள்ளி நாட்களிலிருந்தே மாதவிலக்கு வந்தால் குளியலறைத் தரையில் சுருண்டு கிடப்பாள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாப் பெண்களுக்கும் வருகிற வலிதான் என்று மருத்துவர்கள் அனுப்பிவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து ஒருவர் வயிற்றில் துளைபோட்டுக் கேமரா விட்டுப் பார்த்தார். கருப்பைக்குள் இருப்பதைப் போன்ற படலம் வெளியே குடலோரமெல்லாம் படர்ந்திருந்தது. எண்டோமெட்ரியோசிஸ். வயிற்றில் கத்தி படாமல், ரத்தத்தை வைத்தே இதைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தேன்.

முடியவில்லை. நாங்கள் அளந்த புரதம், நோயில்லாத பெண்களுக்கும் மாதவிலக்கு நாட்களில் ஏறியது. நோய் முற்றிய சிலருக்கு ஏறவே இல்லை. ஆய்வை மூடப்போவதாக இயக்குநர் சொல்லிவிட்டார். என் தங்கையின் ரத்தத்தில் மட்டும் அது எப்போதும் உச்சத்தில் நின்றது.

ஏறாதவர்களின் ரத்தக் குப்பிகளில் அவளுடைய சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீரை, கொஞ்சம் கலந்தேன். அவர்களுக்கு நோய் இருப்பது உறுதிதானே. ரத்தம் சொல்ல மறந்ததை நான் சொல்லவைத்தேன், அவ்வளவுதான்.

அதற்குள் அவளுக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதுவரை ஹார்மோன் மாத்திரை. இரண்டில் எது நடந்தாலும் அவள் ரத்தத்தில் அந்தப் புரதத்தின் அளவு இறங்கிவிடும். மாத்திரைப் புட்டியில் சத்து மாத்திரைகளை நிரப்பினேன். அவற்றால் கெடுதல் இல்லை. அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட அவளிடம் பேசினேன்.

"இந்த மாத்திரை கேக்கவே மாட்டேங்குதுக்கா. ஆபரேஷன் பண்ணிடலாமே."

"கொஞ்சம் பொறுத்துக்கோடி. டெஸ்ட் வந்துட்டா, உன்ன மாதிரி இனி யாரும் தரையில கெடக்க வேண்டாம்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.

பரிசோதனை தேறியது. மருத்துவமனைகளுக்கும் போனது. ஆனால் இன்னும் பெரிய ஆய்வு ஒன்று கேட்டார்கள், அதனால் புட்டியில் ஹார்மோன் மாத்திரையை நான் திரும்பப் போடவில்லை. படலம் அவளுடைய சிறுநீர்க்குழாயை நெரித்துக்கொண்டிருந்திருக்கிறது. அது சத்தமில்லாமல் நடக்கும். தெரியவந்தபோது இடது சிறுநீரகம் செத்துப்போயிருந்தது.

என் பரிசோதனையை நம்பி, ஒன்றுமில்லை என்று வலியோடு திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் பலர் என்கிறீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆய்வை முடிக்கவிட்டால் அதையும் சரிசெய்துவிடுவேன்.

மாத்திரையை மாற்றியது நான். சீரத்தைக் கலந்தது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். தங்கைக்கு இன்னும் எதுவும் தெரியாது. இன்று காலை, நீங்கள் கூப்பிடுவதற்கு முன், வார்டில் அவளைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். டெஸ்ட் நல்லபடியாகப் போகிறதா என்று கேட்டாள். போகிறது என்றேன். ஒரு குழாய் ரத்தமும் எடுத்துக்கொண்டேன். அது என் கைப்பையில் இருக்கிறது. தயவுசெய்து குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். கெட்டுப்போனால் அவள் பட்டதெல்லாம் வீணாகிவிடும்.