ஓகே அழுத்தும் அக்கா

ராயக்கோட்டை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், லேப்டாப் பையை மடியில் வைத்தபடி ஒரு பெண்ணும் அவளைவிடக் கொஞ்சம் மூத்தவரும் இருந்தார்கள்.

“சரி பண்ணாம வந்துட்டேன்ணா,” என்றாள் அவள்.

“ஏம்மா, காரணம் தெரியலயா?”

“தெரிஞ்சுதுண்ணா. ஒவ்வொரு லேபிளுக்கும் நம்ம சாஃப்ட்வேர் எரர் காட்டுது. ஓகே அழுத்தினாத்தான் அடுத்த லேபிள் பிரிண்ட் ஆகுது. ரெண்டு வரி மாத்தினா போதும்.”

“அப்புறம் என்ன?”

“ஓகே அழுத்தறதுக்குன்னே ஒரு அக்காவ ஃபேக்டரில வேலைக்கு வச்சிருக்காங்க. கல்லாவி ஊர்லருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்காங்களாம்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்னு ரிப்போர்ட்ல எழுதிடு. போன வருசம் நானும் அதத்தான் எழுதினேன்.”