புகைக் கொட்டகையில் ஒரு மாண்புமிகு உறுப்பினர்

லெமுவல்: உள்ளே யாரும் இல்லைன்னு எழுதிக்கவா?

ஹோசியா: எழுதிக்க.

லெமுவல்: பதில் சொல்றது யாரு?

ஹோசியா: யாரும் இல்லை.

லெமுவல்: நல்லதாப் போச்சு. அப்போ நான் வர்றேன்.

ஹோசியா: ஏய்... எங்க கிளம்பிட்டே?

லெமுவல்: அடுத்த கொட்டகைக்கு. சட்டசபை அவைக்காவலனுக்கு வேற வேலை இல்லையா? காணாமப் போன மெம்பர் ஒருத்தரைத் தேடிட்டிருக்கேன். பேரு ஹோசியா பெல்னாப். கோர்வின் துறைங்கற ஊர்க்காரர். குட்டையா, கொஞ்சம் பருமனா, மோவாய்ல மட்டும் தாடி.

ஹோசியா: பருமன்லாம் இல்லை.

லெமுவல்: அவரை உங்களுக்குத் தெரியுமா?

ஹோசியா: லெமுவல் ஸ்ட்ரௌட், விளையாடாதே. என் குரல் உனக்குத் தெரியாது?

லெமுவல்: தெரியும். ஆனா இறைச்சிக்குப் புகை போடற கொட்டகையில உட்கார்ந்தா குரல் மாறும். சத்தியம் பண்ணிச் சொல்ற அளவுக்கு...

ஹோசியா: தும்மினேன். ரெண்டு தடவை. வண்டியில கட்டியிருந்த குதிரை கூடத் திரும்பிப் பார்த்துச்சு.

லெமுவல்: தும்மல் யாருக்கும் வரும்.

ஹோசியா: வெளியில ஆணியில என் தொப்பி தொங்குது.

லெமுவல்: பார்த்தேன். நல்ல தொப்பி. யாருதோ.

ஹோசியா: உள்பக்கம் என் பேரு தைச்சிருக்கு.

லெமுவல்: அடுத்தவங்க தொப்பிக்குள்ள எட்டிப் பார்க்கற பழக்கம் எனக்கில்லை.

ஹோசியா: ...சபையில இப்போ நிலைமை என்ன?

லெமுவல்: காலையில இருந்தது அப்படியேதான் இருக்கு. கோர்ட்டை உங்க ஊர்லேருந்து எடுத்து, ரயில் வந்த பிராட்லியில வைக்கற மசோதா மேஜை மேல கிடக்கு. உங்க கட்சிக்காரங்க எல்லாரும் படகேறி அக்கரைக்குப் போயிட்டாங்க. அக்கரை வேற மாநிலம், என் கை எட்டாது. மீதி இருக்கறவங்களை எண்ணினா, ஓட்டெடுக்கத் தேவையான எண்ணிக்கைக்கு ஒரு ஆள் குறையுது.

ஹோசியா: ஒரே ஒரு ஆளா?

லெமுவல்: ஒரே ஒரு ஆள். பகல் பன்னிரண்டு அடிச்சா கூட்டத்தொடர் முடிஞ்சது. அதுக்குள்ள அந்த ஆள் வரலைன்னா மசோதா செத்தது. கோர்ட்டு உங்க ஊர்லயே இருக்கும். நீங்க ஜெயிச்ச மாதிரிதான். சந்தோஷமா உட்காருங்க.

ஹோசியா: சந்தோஷமாத்தான் இருக்கேன்.

லெமுவல்: குரல்ல தெரியலையே.

ஹோசியா: என் குரலை வெச்சு ஆளையே கண்டுபிடிக்க மாட்டேங்கறே. சந்தோஷத்தை மட்டும் கண்டுபிடிச்சுடுவியா?

லெமுவல்: நீங்க ஏன் ஐயா மத்தவங்களோட படகுல போகலை?

ஹோசியா: படகு எனக்கு ஒத்துக்காது. குமட்டும்.

லெமுவல்: ஆத்தங்கரையில பிறந்து வளர்ந்தவருக்கா?

ஹோசியா: ஆத்தங்கரையில பிறந்தவனுக்குக் குமட்டக் கூடாதுன்னு நாங்க இன்னும் சட்டம் போடலை.

லெமுவல்: ஒளியணும்னா காடு இல்லையா, வைக்கோல் போர் இல்லையா? சபைக்கு எதிர்ல, நீங்க தங்கியிருக்கற விடுதியோட கொல்லையிலயேவா வந்து உட்காருவாங்க?

ஹோசியா: இங்க யாரும் தேட மாட்டாங்கன்னு நினைச்சேன்.

லெமுவல்: நானும் அதையேதான் நினைச்சேன். அதான் இந்தப் பக்கம் வராமலே இருந்தேன். விடுதிக்காரம்மா சும்மா இருக்கலை. 'நான் புகைக்குத் தொங்கவிட்ட பன்றித் தொடைகளுக்கு நடுவுல ஒரு மெம்பர் உட்கார்ந்திருக்கார்'னு சபை எழுத்தர் காதுல விழற மாதிரி சொல்லிட்டாங்க. வேற வழியில்லாம வந்தேன்.

ஹோசியா: வேற வழியில்லாமயா?

லெமுவல்: கடமைக்காகன்னு சொல்ல வந்தேன்.

ஹோசியா: அப்போ கடமையைச் செய். கதவைத் திற.

லெமுவல்: உள்பக்கம் தாழ் போட்டிருக்கீங்க. கதவை உடைக்க எனக்கு உத்தரவு இல்லை.

ஹோசியா: புகைக் கொட்டகைக்கு உள்பக்கம் எவன் தாழ் வைப்பான்? பன்றி எழுந்து பூட்டிக்குமா?

லெமுவல்: அப்போ வெளிப்பக்கம் பூட்டியிருக்கும்.

ஹோசியா: கதவு திறந்திருக்கு, லெம். இடுக்குல உன் மூக்கு தெரியுது.

லெமுவல்: ...காத்துல திறந்திருக்கும். சாத்தி விடறேன்.

ஹோசியா: சாத்தாதே. கண்ணு எரியுது. முதல்ல உத்தரவைப் படி. எல்லாம் சட்டப்படி நடக்கட்டும்.

லெமுவல்: கண்ணாடியைச் சபையில வெச்சுட்டு வந்துட்டேன்.

ஹோசியா: மூக்கு மேல இருக்கறது?

லெமுவல்: இது தூரத்துப் பார்வைக்கு.

ஹோசியா: அப்போ தூரத்துல நின்னு படி.

லெமுவல்: 'சபாநாயகரின் ஆணைப்படி, இம்மன்றத்தின் உறுப்பினர் ஹோசியா பெல்னாப் என்பவர் எங்கிருப்பினும் அவரைக் கைப்பற்றி, காலந்தாழ்த்தாது அவைமுன் நிறுத்துக.'

ஹோசியா: நல்லாப் படிக்கறே. காலந்தாழ்த்தாதுன்னு வந்ததைக் கவனிச்சியா?

லெமுவல்: கவனிச்சேன். அவசரத்துல எழுதியிருக்காங்க.

ஹோசியா: இதோ கையை நீட்டறேன். பிடி.

லெமுவல்: கையில என்ன?

ஹோசியா: ஒரு துண்டு இறைச்சி. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை.

லெமுவல்: சாப்பிட்டுட்டு இருக்கற மெம்பரைத் தொடக்கூடாது.

ஹோசியா: எந்த விதியில இருக்கு?

லெமுவல்: தொடலாம்னு எந்த விதியில இருக்கு?

ஹோசியா: முழுங்கிட்டேன். இப்போ?

லெமுவல்: செரிக்கட்டும்.

ஹோசியா: லெம், நேராக் கேக்கறேன். என்னைப் பிடிக்க உனக்கு இஷ்டமில்லையா?

லெமுவல்: நானும் நேராவே கேக்கறேன். பிடிபட உங்களுக்கு இவ்வளவு அவசரம் ஏன்?

ஹோசியா: எனக்கென்ன அவசரம்?

லெமுவல்: எனக்கு மட்டும் ஏன் இஷ்டமில்லாம இருக்கணும்?

ஹோசியா: வெளியில யாராவது இருக்காங்களா பாரு.

லெமுவல்: ஒரு கோழி நிக்குது.

ஹோசியா: எந்தக் கட்சி?

லெமுவல்: நம்ம ரெண்டு பேரையும் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம நிக்குது. கட்சியில்லாத கோழிதான்.

ஹோசியா: அப்போ சொல்றேன். என் பொண்டாட்டி திர்சா டிரங்குப் பெட்டியைக் கட்டி நடையில வெச்சிருக்கா. ஏப்ரல்ல கோர்ட்டு எங்க ஊர்ல கூடினா, அன்னைக்கே ஒஹையோவுல அவ தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிடுவாளாம்.

லெமுவல்: கோவத்துல சொல்லியிருப்பாங்க.

ஹோசியா: முன்னெல்லாம் கோவத்துல சொல்லுவா. இந்தத் தடவை சிரிச்சுக்கிட்டே சொன்னா. குளிர்காலப் போர்வையையும் பெட்டியில வெச்சுட்டா. இருபது வருஷம் கூட வாழ்ந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?

லெமுவல்: கோர்ட்டு அம்மாவை என்ன பண்ணிச்சு?

ஹோசியா: கோர்ட்டுக்கு எதிர்வீடு எங்க வீடு. ஊர்ல விடுதின்னு ஒண்ணு கிடையாது. கோர்ட்டு கூடிட்டா வக்கீல், ஜூரி, சாட்சி எல்லாருக்கும் படுக்கையும் சாப்பாடும் எங்க வீட்டுலதான். மெம்பர் வீடாச்சே, முடியாதுன்னு சொல்ல முடியுமா? போன தடவை ஜூரி மொத்தமும் கூடத்துல பூட்ஸோட படுத்துக் கிடந்தது. குதிரை திருடினவனும், குதிரையைப் பறிகொடுத்தவனும் ஒரே கட்டில்ல.

லெமுவல்: அதுல என்ன தப்பு? ராத்திரியோட ராத்திரியா ரெண்டு பேரும் சமாதானமாயிட்டாங்க. காலையில வழக்கே இல்லை.

ஹோசியா: உனக்கு நல்லா ஞாபகம் இருக்கே.

லெமுவல்: சபை இல்லாத நாள்ல உங்க கோர்ட்டுல பேர் சொல்லிக் கூப்பிடறவன் நான். ஞாபகம் இல்லாம இருக்குமா?

ஹோசியா: ஒருத்தன் புகையிலையை மென்னு நேரா அடுப்புல துப்பறான். இன்னொருத்தர் விடற குறட்டையில அலமாரிக் கண்ணாடி அதிருது. அவர் பேரைச் சொல்ல நான் விரும்பலை.

லெமுவல்: சொல்லாதீங்க.

ஹோசியா: சொல்லலை.

லெமுவல்: அதுதான் பெரிய மனுஷனுக்கு அழகு. ஆனா ஒண்ணு... பிராட்லியில மட்டும் என்ன வாழுது? ஒரு தண்டவாளம், ஒரு ஹோட்டல். அந்த ஹோட்டல்ல அவரைக்கொட்டையைக் கூட வேகவைக்கத் தெரியலை. அங்க போய் நீதி எப்படிக் கிடைக்கும்?

ஹோசியா: நீதிக்கும் அவரைக்கொட்டைக்கும் என்ன சம்பந்தம்?

லெமுவல்: வயிறு சரியில்லாத ஜூரி தூக்குத் தண்டனைதான் கொடுக்கும்.

ஹோசியா: அதை ஆண்டவர் பார்த்துக்கட்டும். எனக்கு என் பொண்டாட்டி வீட்டுல இருக்கணும்.

லெமுவல்: அப்படின்னா நேரா நடந்து போய் சபையில உட்கார வேண்டியதுதானே? நான் எதுக்கு?

ஹோசியா: நானா போய் உட்கார்ந்தா ஊருக்குள்ள தலைகாட்ட முடியுமா? எங்க ஊர்க்காரங்களுக்கு அந்தக் கோர்ட்டு மணிக்கூண்டுன்னா உசிரு. ஹோசியா பெல்னாப் கடைசிவரைக்கும் போராடினார், தரதரன்னு இழுத்துட்டுப் போனாங்கன்னு நாலு பேர் பார்த்துச் சொல்லணும். உள்ளே போனதும் மசோதாவை எதிர்த்து உரக்க ஓட்டுப் போடுவேன்.

லெமுவல்: எதிர்த்தா?

ஹோசியா: எதிர்த்துத்தான். நான் எப்படிப் போட்டா என்ன? நான் உள்ள இருந்தாலே எண்ணிக்கை சேர்ந்துடும். மிச்சத்தை அவங்க பார்த்துப்பாங்க.

லெமுவல்: ஊருக்கு ஓட்டு, வீட்டுக்கு ஆள்.

ஹோசியா: நான் சொல்றதைவிட நல்லாச் சொல்றே. இப்போ காலரைப் பிடி.

லெமுவல்: இப்படிப் பண்ணலாமா? நீங்க தப்பிச்சு ஓடுங்க. நான் துரத்தறேன். பார்க்கறவங்களுக்கு இன்னும் நல்லா இருக்கும்.

ஹோசியா: எந்தப் பக்கம் ஓடட்டும்?

லெமுவல்: ஆத்துப் பக்கம்.

ஹோசியா: சபைப் பக்கம் ஓடறேனே.

லெமுவல்: அந்தப் பக்கம் ஓடினா அது துரத்தறதாகாது ஐயா. வழியனுப்பறதாயிடும்.

ஹோசியா: நீ நேரத்தைக் கடத்தறே.

லெமுவல்: கடத்தி முடிச்சாச்சுங்க. என் வயிறு பன்னிரண்டு தாண்டிருச்சுங்குது. இனிமே உங்களை இழுத்துட்டுப் போயும் பிரயோஜனமில்லை. அம்மாகிட்ட வேணும்னா நானே வந்து தன்மையாப் பேசறேன்.

ஹோசியா: நீ பேச வேண்டாம். தயவுசெஞ்சு நீ மட்டும் பேச வேண்டாம். சபை மணி அடிச்சதா?

லெமுவல்: ...கேக்கலை.

ஹோசியா: ஏன் கேக்கலை?

லெமுவல்: கடைசி நாள்ல வேலை முடியலைன்னா கடிகாரத்தை நிறுத்தி வைக்கறது வழக்கம்தான். ஆனா அது என் வேலை. நாற்காலி போட்டு ஏறி ஊசலைப் பிடிக்கறவன் நான்தான். நான் இங்க இருந்தா யாரு நிறுத்துவா? அதை நம்பித்தானே நான்...

ஹோசியா: எதை நம்பி?

லெமுவல்: ஒண்ணுமில்லை.

ஹோசியா: சபாநாயகர் உன்னைவிட ஒரு முழம் உயரம். கையில தடி வேற வெச்சிருக்கார். அவருக்கு உன் நாற்காலி எதுக்கு?

லெமுவல்: ...அதை நான் யோசிக்கவே இல்லை.

ஹோசியா: நான் போற வரைக்கும் அங்க பன்னிரண்டு அடிக்காது. நாளைக்குக் காலையில போனாலும் அடிக்காது. கிளம்பு.

லெமுவல்: எனக்கு முட்டி வலிக்குது.

ஹோசியா: கையைக் கொடு.

லெமுவல்: ஐயா... ஐயா, கையை விடுங்க.

ஹோசியா: விட்டா ஓடிடுவே.

லெமுவல்: நான் எதுக்கு ஓடணும்? நான் அவைக்காவலன்.

ஹோசியா: அதைத் தெருவுல சத்தமாச் சொல்லாதே, எதிர்ல ஆள் வருது... வணக்கம் அம்மா. பார்த்தீங்களா இந்த அக்கிரமத்தை? மக்கள் பிரதிநிதியை எப்படி இழுத்துட்டுப் போறான் பாருங்க.

லெமுவல்: கொஞ்சம் மெதுவா நடங்க. மூச்சு வாங்குது.

ஹோசியா: சபைப் படி வந்தாச்சு. இப்போ கையை மாத்து. நீ என் காலரைப் பிடிச்சுக்கோ... இறுக்கிப் பிடிய்யா. குழந்தைக்குச் சட்டை மாட்டற மாதிரி பிடிக்கறே.

லெமுவல்: உங்க மேலெல்லாம் இறைச்சி வாசனை.

ஹோசியா: நாட்டுக்கு உழைச்ச வாசனை. கதவைத் தள்ளு... சபாநாயகர் அவர்களே, இது அநியாயம். சுதந்திர மாநிலத்தில் ஓர் உறுப்பினரைக் காலரைப் பிடித்து...

சபாநாயகர்: உறுப்பினருக்கு நல்வரவு. அவையின் எண்ணிக்கை நிறைவுற்றது. மற்றவர்கள் முன்னரே கருத்தைச் சொல்லிக் காத்திருக்கிறார்கள். கோர்வின் துறை உறுப்பினர் மசோதாவை ஆதரிக்கிறாரா, எதிர்க்கிறாரா?

ஹோசியா: எதிர்க்கிறேன். என் ஊர்வரை கேட்கும்படி எதிர்க்கிறேன்.

சபாநாயகர்: அவ்வளவு தூரம் வேண்டியதில்லை; எழுத்தருக்குக் கேட்டால் போதும். மசோதா நிறைவேறியது. இனி யாரேனும் என் கைத்தடியைக் கடிகாரத்திலிருந்து எடுக்கலாம். அவைக்காவலரே, உறுப்பினர் எவ்வாறு கொண்டுவரப்பட்டார் என்பதைக் குறிப்புக்காகச் சொல்லும்.

லெமுவல்: பலவந்தமாங்க, சபாநாயகரே.

சபாநாயகர்: எதிர்ப்பு இருந்ததா?

லெமுவல்: கொட்டகையிலேருந்து வாசல்படி வரைக்கும் இருந்ததுங்க.

சபாநாயகர்: உமது கடமையுணர்வை அவை பாராட்டுகிறது.

ஹோசியா: லெம்... இப்படி ஓரமா வா. காட்டிக் கொடுக்காம விட்டியே, அதை மறக்க மாட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் புரியலை. கோர்ட்டு பிராட்லிக்குப் போனாலும் பேர் கூப்பிடற வேலை உனக்குத்தான். உன் பண்ணைக்கும் அதுதான் பக்கம். அப்புறம் ஏன் என்னைப் பிடிக்காம இருக்க இந்தப் பாடு பட்டே?

லெமுவல்: அந்தக் குறட்டைக்காரன் நான்தானே ஐயா. எத்தனை வருஷமா உங்க வீட்டு ஜன்னலோரக் கட்டில்ல படுத்தவன்... திர்சா அம்மா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வெச்சாலும், ஆப்பிள் பணியாரம் மூணாவது துண்டு வரைக்கும் தட்டுல விழும். பிராட்லி ஹோட்டல்ல ரெண்டாவது துண்டே கிடையாதுங்க.