தலை எண்ணுகிறவன்

எங்கள் மாநிலத் தலைநகர் டொபீகாவில், சட்டமன்றத்தின் பளிங்குத் தரை முழங்காலுக்கு ஆகாது. ஜனவரியில் கூட்டத்தொடர் ஆரம்பித்ததும் நான் ரப்பர் அடி வைத்த ஷூவுக்கு மாறிவிடுவேன். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிற வக்கீல்களுக்கு நான் சொல்லித்தருகிற முதல் விஷயமும் அதுதான்.

நீங்கள் விசாரணை அதிகாரி, கேள்வியைச் சுருக்கமாகக் கேட்டீர்கள். நானும் ஒளிக்காமல் சொல்கிறேன். என் பெயர் ராஸ் ஹோல்டர்மன். கோர்ட் படி ஏறாத வக்கீல். கம்பெனிகளுக்குப் பிடிக்காத மசோதா சட்டமாகாமல் பார்த்துக்கொள்வதும், பிடித்ததை எழுதிக் கொடுப்பதும் என் வேலை. முகம் சுளிக்க வேண்டாம். எங்கள் சட்டமன்ற உறுப்பினர்கள் கோதுமை விவசாயிகள், பல் டாக்டர்கள், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள். வருஷத்தில் மூன்று நான்கு மாதம் வந்து போகிறார்கள். இரண்டு மூன்று பேருக்குச் சேர்த்து ஒரு செக்ரட்டரி. அவர்களுக்கு யாராவது எழுதித் தரத்தானே வேண்டும்.

எங்கள் தொழிலில் எழுதாத விதி ஒன்று உண்டு. ஓட்டெடுப்புக்கு முன்னால் யார் எந்தப் பக்கம் என்று தலை எண்ணுவோம். உறுப்பினர்களே வந்து எங்களிடம்தான் கேட்பார்கள். எதிர்க்கட்சிக்காரர் கேட்டாலும், எதிர்த்தரப்புக்காரர் கேட்டாலும், எண்ணிக்கையை மட்டும் மாற்றிச் சொல்லக் கூடாது. ஒரு தடவை மாற்றிச் சொன்னால் போதும், அப்புறம் ஒரு கதவும் திறக்காது. இருபத்தாறு வருஷம் அந்த விதியை நான் மீறியதில்லை.

மர்லா டிரைலிங் மேற்கே எல்லிஸ் கவுண்டி என்கிற மாவட்டத்துக்காரி. அவள் கணவன் கர்ட், என் கட்சிக்காரரான கம்பெனியின் தானியக் கிடங்கில் வேலை பார்த்தான். இரும்புக் குதிருக்குள் கட்டிதட்டிப்போன கோதுமையைக் குத்திவிடத் தனியாக இறங்கினான். அடியில் மோட்டார் தானியத்தை இழுத்துக்கொண்டிருந்தது. அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. மர்லா கேட்டது இரண்டே விஷயம். ஆள் இறங்குமுன் மோட்டாரை நிறுத்திப் பூட்ட வேண்டும், மேலே வாயிலில் இன்னொரு ஆள் நிற்க வேண்டும். அவள் தொகுதி உறுப்பினர் ஆர்லின் வைகல் அதை மசோதாவாகக் கொண்டுவந்தார். அறுப்பு நேரத்தில் குதிருக்கு இரண்டு ஆளை எங்கே போய்த் தேடுவது என்றது கம்பெனி. நியாயமான கேள்வி என்றே எனக்குப் பட்டது. இப்போதும் படுகிறது.

மசோதாவை முதலில் பார்க்கிற சட்டமன்றக் கமிட்டியில் பதினேழு பேர். ஓட்டெடுப்பு நாளன்று தலைவர் வழக்கம்போல இரு தரப்பையும் வெளியே போய்ப் பேசிவிட்டு வரச் சொன்னார். சண்டை போடுகிறவர்களே ஒத்துப்போய்த் திரும்பினால் உறுப்பினர்களுக்குத் தலைவலி இல்லை. நடைக்கூடத்து பெஞ்சில் நானும் மர்லாவும் உட்கார்ந்தோம். கமிட்டிக்காரர்களுக்கென்று கறியும் முட்டைக்கோசும் வைத்த பன் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். சாப்பிட்டேன், நன்றாக இருந்தது.

"ஓட்டுக்கு விட்டா என்ன ஆகும் ராஸ்? உண்மையச் சொல்லுங்க," என்றாள். "அப்பா போன குதிர்லயே இப்ப என் பையன் டிராவிஸ் ஏறி இறங்குறான். சொன்னா கேக்க மாட்டேங்குறான். இந்த அறுப்புக்குள்ள சட்டம் வந்தாகணும்."

"தோத்துடும் மர்லா. உங்க பக்கம் ஏழு, எதிர்ல பத்து. தோத்த மசோதாவ அப்புறம் யாரும் தொட மாட்டாங்க. கோடைக்கால ஆய்வுக்கு அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்க. ஒரு குழு உக்காந்து பாத்து அடுத்த ஜனவரிக்குத் திரும்பக் கொண்டுவரும், மசோதா உயிரோட இருக்கும்."

அவள் வைகலைக் கேட்டாள். அந்த மனிதர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ராஸ் எண்ணுனா எண்ணுனதுதான் மர்லா. இத்தனை வருஷத்துல ஒருவாட்டி தப்புனதில்ல," என்றார்.

மர்லா உள்ளே போய் மைக் முன்னால் நின்று, ஆய்வுக்கு அனுப்பும்படி தன் வாயாலேயே கேட்டுக்கொண்டாள். உறுப்பினர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கோடையில் எதை ஆய்வு செய்வது என்று முடிவு செய்கிறவர்கள் சட்டமன்றத் தலைவர்கள் ஏழெட்டுப் பேர்தான். அவர்களில் இரண்டு பேரிடம் பேசினேன். பட்டியலில் அது வரவில்லை. இதில் எங்கள் தொழிலுக்கென்று இருக்கிற சட்டம் எதையும் நான் மீறவில்லை. அந்தச் சட்டத்தை எழுதியதே எங்கள் அலுவலகம்தான்.

ஜூலை ஒன்பதாம் தேதி டிராவிஸ் இறங்கினான். வயது இருபத்து மூன்று. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, மேலே ஆள் இல்லை. பக்கத் தகட்டை அறுத்து அவனை வெளியே எடுக்க ஐந்து மணி நேரம் ஆயிற்று. மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு நான் அடக்கத்துக்குப் போயிருந்தேன். கம்பெனியிலிருந்து ஒருவரும் வரவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

செப்டம்பரில் மர்லா என் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பதினேழு பேர் வீட்டுக்கும் போனேன். பதினோரு பேர் சொன்னாங்க, 'உனக்குத்தான் போடறதா இருந்தேன், நீயே வேணாம்னுட்டியே'ன்னு. நீயேன்னாங்க. என் வாயாலயே என் புள்ளையக் கொல்ல வச்சியேடா. என் கையால வாங்கித் தின்னுக்கிட்டே சொன்னியே."

அவள் குரலை உயர்த்தவில்லை. நான்தான் அன்று முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதினோரு பேரில் ஒருவனுக்காவது, இரும்மா, நான் உன் பக்கம்தான் என்று சொல்ல வாய் வரவில்லையே. பதினேழு பேருக்குப் போன் போட்டுக் கேட்க வைகலுக்கு விரல் இல்லையா? எதிராளியின் வக்கீலிடம் போய் எண்ணிக்கை கேட்கிறாளே, இவளுக்குத்தான் புத்தி எங்கே போயிற்று? இத்தனை பேர் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டு, என் ஒருவன் பெயரை மட்டும் பேப்பரில் போடுகிறார்கள்.

நான் தவறாக எண்ணிவிட்டேனா என்று கேட்டீர்கள். இல்லை. அந்த அவமானம் எனக்கு வேண்டாம். ஓட்டெடுப்பு நாளன்று காலை எட்டரை மணிக்கே எண்ணி முடித்துவிட்டேன். அவளுக்குப் பதினொன்று, எதிரில் ஆறு. மத்தியானத்துக்குள் அவள் ஜெயித்திருப்பாள், மோட்டாருக்குப் பூட்டு வந்திருக்கும். அதனால்தான் பத்துக்கு ஏழு என்றேன். மகன் அந்தக் குதிரில் இறங்குகிறான் என்று அவள் சொன்னதும் என் காதில் நன்றாகவே விழுந்தது.

இருபத்தாறு வருஷத்தில் நான் தவறாகச் சொன்னது அந்த ஒரு எண்தான். அதையும் இப்போது உங்களிடம் திருத்திச் சொல்லிவிட்டேன். ஆகவே ஜனவரியில் யார் வந்து கேட்டாலும் என் எண்ணிக்கையைத் தாராளமாக நம்பலாம் என்று, தயவுசெய்து, அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.