ஒன்பது பேரும் குடித்த தண்ணீர்

ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம், தூறல். தம்பானூரிலிருந்து வித்துரா போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இருந்தவர்கள் தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒரு பெண்ணும், அவளுடைய லுத்தரன் சபையின் பழைய போதகரும்.

“எல்லாரையும் தண்ணி குடிக்க அனுப்பிட்டேன் ஐயா,” என்றாள் அவள்.

“யாரை?”

“சபையைத்தான். புதுப் போதகர் ரெண்டு மாசத்துக்கு ஒருக்காதான் வாறாரு. மத்த ஞாயிறெல்லாம் நீங்க விட்டுட்டுப் போன பிரசங்க நோட்டை நான் வாசிக்கேன். ‘இங்கே நிறுத்தித் தண்ணீர் குடிக்கவும்’னு ஓரத்துல எழுதியிருந்தீங்க. அதையும் சத்தமா வாசிச்சுட்டேன். ஒன்பது பேரும் எந்திரிச்சுப் பைப்படிக்குப் போயிட்டாங்க.”

போதகர் குலுங்கிச் சிரித்தார். “அது எனக்கு நானே எழுதினதுல்லா மோளே! அப்ப எம்பது பேரு. சன்னல்ல எல்லாம் பிள்ளைங்க. கத்திக் கத்தித் தொண்டை காஞ்சிரும்.”

“நாளைக்குச் சபைக் கூட்டம் ஐயா, டவுன்ல இருந்தும் வாறாங்க. ஒன்பது பேருக்கு எதுக்குக் கோயிலு, பூட்டிட்டு டவுன் சபையில சேருங்கம்பாங்க. நான் என்ன பேச?”

போதகர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“தண்ணி குடிக்கப் போனவங்க திரும்பி வந்தாங்களா?”

“வந்தாங்களே. மழையில நனைஞ்சுக்கிட்டு ஒன்பது பேரும் வந்து உக்காந்தாங்க.”

“அதை அப்படியே கூட்டத்துல சொல்லு. வெளிய போனவங்க ஒருத்தர் விடாமத் திரும்பி வாற கோயிலை எதுக்குப் பூட்டணும்னு கேளு.”

அவர் நெடுமங்காட்டில் இறங்கினார். முன்னாலேயே பேரூர்க்கடையில் இறங்கியிருக்க வேண்டிய நானும், அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்ததில், அங்கேதான் இறங்கினேன். கூடுதல் டிக்கெட்டும் திரும்பி வந்த டிக்கெட்டும் சேர்த்து முப்பத்தெட்டு ரூபாய்.