ஈரம் காயாத வேகத்தடை

காரின் உயரத்தைக் குறைத்தால் அழகு கூடும், ஓட்டம் கெட்டுப்போகும். இது பல பேருக்குத் தெரிவதில்லை சார். செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்பிரிங்கை அறுத்துவிட்டுச் சுற்றுகிற பையன்களைப் பார்த்திருப்பீர்கள். சின்னப் பள்ளத்துக்கே வண்டி தவளை மாதிரி குதிக்கும், டயர் உள்பக்கமாகத் தேயும். எனக்கு அரைகுறை வேலை ஆகாது.

நான் கூட்டிக் குறைக்கிற ஷாக் அப்சார்பர் போட்டேன். அதில் மரை இருக்கும். ஸ்பேனரால் வளையத்தைத் திருகினால் கார் ஏறும், இறங்கும். சக்கரத்தின் சாய்வைச் சரிசெய்கிற தகடுகள், நீளம் மாற்றுகிற லிங்க் கம்பிகள் எல்லாம் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தேன். மெக்கானிக் பத்மகுமாரும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டிவனம் ரோட்டில் ஓட்டிப் பார்ப்போம், வந்து திருகுவோம், மறுபடி ஓட்டுவோம். மழைக்காலம் முழுக்க இதே வேலை. கடைசியில் சரியாக அமைந்தது. ஸ்டீயரிங்கை விரலால் தொட்டால் போதும், நினைத்த இடத்துக்குப் போகும். என் மனைவி ஜெயசுதா இத்தனை வருடத்தில் என்னை அந்த அளவுக்குப் புரிந்துகொண்டதில்லை.

அப்புறம்தான் எங்கள் சிங்கவரத்தில் வேகத்தடை பேச்சு வந்தது.

ஆரம்பித்தது நாகம்மாள். எங்கள் தெருக்காரர், நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். அவர் புருஷன் கோவிந்தசாமிக்குச் சுத்தமாகக் காது கேட்காது. கழனிக்குப் போக தினமும் ரோட்டைத் தாண்டியாக வேண்டும். எனக்கு பஜாரில் ஹார்டுவேர் கடை. சிமெண்ட் கேட்டு அங்கேயே வந்துவிட்டார்.

"எவன் ஆரன் அடிச்சாலும் அந்த மனுசனுக்குக் கேக்காதுப்பா. வர்ற வண்டிதான் நிதானமா வரணும். நல்ல மூட்டையா பாத்துக் குடு."

ஈரம் ஏறிக் கட்டி தட்டிப்போன சிமெண்ட் பின்கட்டில் கிடந்தது. கட்டிகளைச் சலித்து எடுத்துவிட்டு, புதுச் சாக்கில் நானே நிரப்பித் தைத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. ஊர்க் காரியம் அல்லவா.

ஒரு மழைக்கு மேடு உதிர்ந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். அடுத்த வாரம் ஒரு லோடு ஆட்டோ கோவிந்தசாமியை இடித்ததில் கை முறிந்தது. சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். பெரியம்மா என் தோளைத் தட்டினார்.

"உன்னையும் எவனோ ஏமாத்திட்டாம்பா, ஆனந்தராசு. நீ இன்னா பண்ணுவ. இந்த வாட்டி அனந்தபுரத்துல வாங்கிக்கிறோம்."

அனந்தபுரத்துச் சிமெண்ட் நல்ல சிமெண்ட். முதலில் ரோட்டின் வலது பாதியைப் போட்டார்கள். அது பாறையாக இறுகியது. ஆள் நடக்கிற வேகத்தில் ஏறினால்கூட என் காருக்கு அடி உரசியது. அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டதில்லை சார்.

"ஏத்தி வச்சிக்கலாண்ணா. மரை அதுக்குத்தான இருக்குது," என்றான் பத்மகுமார். நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள். ஏற்றலாம். ஏற்றினால் சக்கரத்தின் சாய்வு மாறும், லிங்க் நீளம் மாறும், ஒரு மழைக்காலத்து உழைப்பு வீண். ஒரு மேட்டுக்காகவா?

இடது பாதி முடிகிற இடத்துக்கும் புளியமரத்துக்கும் நடுவில் ஒரு கார் நுழைகிற அளவுக்கு மண்ணோரம் இருக்கிறது. எனக்கு அது போதும். ஆனால் இடது பாதியைப் போட்ட அன்றே பெரியம்மா என்னிடம் சொன்னார்: "பைக்கு பசங்க இந்தச் சந்துல பூந்து ஓரத்தை ஒடச்சிட்றானுங்க. நாளைக்குக் கல்லு நட்டுட்றேன் பாரு."

மறுநாள் காலை கடை திறக்கக் கிளம்பினேன். ஈரச் சாக்கு போர்த்திய மேட்டைக் காவல் காத்துக்கொண்டு, பெரியம்மா அந்தச் சந்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கல் இன்னும் வரவில்லை. தூரத்திலேயே பார்த்துவிட்டேன், யோசிக்க நேரம் இருந்தது. அவர் சொன்னால் செய்கிறவர். அவரை விட்டால் அந்தக் கல்லை நடுவதற்கு ஊரில் வேறு ஆள் கிடையாது.

என் காரைப் பார்த்ததும் எழுந்து சிரித்தார். "மெதுவாப்பா, ஈரமா இருக்குது," என்று கையைக் காட்டினார்.

கோவிந்தசாமி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நல்ல கையால் சாக்கின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகும் சொம்பு காலியாகிறவரை ஊற்றினார். பிறகு இன்னொரு சொம்பு மொள்ளத் திரும்பினார். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

விபத்து என்று எழுதிக்கொண்டு நீங்களே என்னை ஜாமீனில் அனுப்பினீர்கள். ஜெயசுதாவின் அண்ணன் வக்கீல். "வாயைத் தொறக்காதீங்க மாப்ள, கேஸு ஒண்ணும் நிக்காது," என்றார். நானும் திறந்திருக்க மாட்டேன். நேற்றுப் பேப்பரைப் பார்த்தேன். உங்கள் எஃப்.ஐ.ஆரிலும் அப்படித்தான் இருக்கிறது என்றார் மைத்துனர். 'கட்டுப்பாட்டை இழந்த கார் மோதிப் பெண் பலி.'

அதற்காகத்தான் வந்தேன் சார். கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த முதல் இரண்டு வார்த்தைகளை மட்டும் அடித்துவிடுங்கள். அந்தக் கார் கட்டுப்பாட்டை இழக்கவே இல்லை. பெரியம்மாவைப் பார்த்துத் திருப்பினேன்; ஒரு விரற்கடைகூட விலகாமல் போனது.